குத்துச்சண்டையும் கலப்புச்சண்டையும்

முகம்மது அலி 1975ஆம் ஆண்டில் கோலாலம்பூருக்கு வந்து, மெர்டேக்கா விளையாட்டரங்கில் ஜோ பக்னரோடு 15 சுற்றுப் பொருது வெற்றி பெற்றார். உலகத்துச் சண்டை அபிமானிகள் யாவரும் அம்மனிதரின் முஷ்டியையே நோக்கியிருந்த காலம் அது. மறு ஆண்டு, 1976 ஜூன் 26ஆம் நாள், அவர் டோக்கியோ நகரத்துப் புடோக்கான் மண்டபத்தில் வேறொரு வகைப் பந்தயத்துக்கு மேடை ஏறினார். எதிரே நின்றவர் குத்துச்சண்டைக்காரர் அல்லர். ஜப்பானிய மல்லர் அந்தோனியோ இனோக்கி.

குத்துச்சண்டைக்காரன் பெரியவனா, மல்லன் பெரியவனா என்னும் நெடுநாளைய கேள்விக்கு அன்று விடை கிடைக்குமென்று பறைசாற்றப்பட்டது. அலிக்குப் பேசிய தொகை 60 லட்சம் அமெரிக்க வெள்ளி. கிடைத்த விடை யாது? மணி அடித்ததும் இனோக்கி பாய்ந்து சென்று தரையில் மல்லாந்து விழுந்தார். விழுந்து கிடந்தபடியே அலியின் கால்களை உதைத்தார். 15 சுற்றும் பெரும்பாலும் இதே காட்சிதான். அலியோ, கீழே கிடப்பவரைக் குத்தும் வழி அறியாது, அவரைச் சுற்றிச் சுற்றி வந்து எழுந்து நிற்கும்படி ஏசிக்கொண்டிருந்தார். அன்று முழுதும் அவர் விட்ட குத்துகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். முடிவு, இருவரும் சமம். ஜனங்கள் கையிலிருந்த குப்பைகளை எல்லாம் வீசியெறிந்து, பணத்தைத் திருப்பிக் கொடு என்று கூச்சலிட்டனர். உதை வாங்கிய கால் வீங்கி, இரத்தம் கட்டிப்போய், அலி மருத்துவமனையில் கிடக்க நேர்ந்தது.

இனோக்கியைக் கோழை என்று அன்று பலரும் இகழ்ந்தனர். அது தவறு. தூக்கி எறியலாகாது, ஒரு முழங்காலாவது தரையில் படாதிருக்கும்போது உதைக்கலாகாது என்றெல்லாம் அவருக்கு விலங்கு பூட்டப்பட்டிருந்ததாகச் சொல்லப்படுகிறது. மல்லனுடைய கலையை விலக்கிவிட்டு மல்லனை மேடையில் நிறுத்தினால், அவன் படுக்காமல் வேறென்ன செய்வான்? இரு கலைகள் மோதும்போது ஆளின் வலிமையைக் காட்டிலும் விதி எழுதியவரின் பேனாவே வலிது என்பதை டோக்கியோவில் கூடியிருந்தோர் நேரிற் கண்டனர்.

இவ்விரு கலைகளும் ஆதியில் ஒன்றே. பண்டைக் கிரேக்கர் கி.மு. 688இல் குத்துச்சண்டையையும், கி.மு. 648இல் குத்தும் பிடியும் உதையும் சேர்ந்த ‘பங்கிராத்தியம்’ என்னும் சண்டையையும் ஒலிம்பியாவில் சேர்த்தனர். அவை அங்கே அடுத்தடுத்து நடந்தன. இங்கிலாந்தில் 1743இல் பிரௌட்டன் வகுத்த விதிகளும் 1838இல் வந்த லண்டன் விதிகளும் பிடித்துத் தள்ளுவதைக் குத்துச்சண்டையின் பகுதியாகவே ஏற்றன. 1867இல் ஜான் கிரகாம் சேம்பர்ஸ் எழுதி, குவீன்ஸ்பெரி பிரபுவின் பெயரால் வெளிவந்த விதிகளே பிடியை அடியோடு விலக்கின. 3 நிமிடச் சுற்று, 1 நிமிட ஓய்வு, விழுந்தவன் எழ 10 விநாடி, கையில் உறை என்னும் முறைகள் அவற்றாலேயே நிலைத்தன. உழைத்தவர் சேம்பர்ஸ், பெயர் பிரபுவுக்கு. இதில் நாம் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

கையுறை தலையைக் காக்க வந்தது என்று பலர் எண்ணுவர். அது காப்பது கையை. வெறுங்கையால் மண்டையோட்டில் ஓங்கிக் குத்துபவன் தன் எலும்பையே முறித்துக்கொள்வான்; உறை மாட்டியவன் அஞ்சாமல் நூறு முறை குத்துவான். 1889இல் ஜான் எல். சல்லிவன் வெறுங்கையோடு 75 சுற்றுப் போராடிக் கில்ரெயினை வென்றார். அதே சல்லிவன் 1892இல் உறை மாட்டி நின்று, 21ஆம் சுற்றில் கார்பெட்டிடம் வீழ்ந்தார். கனவான்களும் காணத்தக்க விளையாட்டு என்னும் பெயர் அதன் பிறகே குத்துச்சண்டைக்கு வந்தது. மூளைக்கு நேர்ந்த கேடு குறையவில்லை. 1982 நவம்பரில் ரே மன்சினியோடு பொருத கொரியர் கிம் டுக் கூ 14ஆம் சுற்றில் வீழ்ந்து, சில நாட்களில் உயிர் நீத்தார். அதன் பின்னரே உலகப் பட்டச் சண்டைகள் 15 சுற்றிலிருந்து 12ஆகக் குறையலாயின.

பிரிந்த கலைகள் மீண்டும் ஒன்றானது 1993 நவம்பர் 12ஆம் நாள், அமெரிக்காவின் டென்வர் நகரில். எட்டுக் கலைஞர், ஒரே இரவு, வென்றவனுக்கு 50,000 வெள்ளி. யூ.எப்.சி. என்று இன்று எங்கும் வழங்கும் நிறுவனத்தின் முதற் பந்தயம் அதுவே. ஆர்ட் ஜிம்மர்சன் என்னும் குத்துச்சண்டைக்காரர் ஒரு கையில் மட்டும் உறை மாட்டி வந்தார். பிரேசில் நாட்டு ஹோய்ஸ் கிரேசி அவரைக் கீழே சாய்த்து மேலே ஏறிக்கொண்டதும், ஒரு குத்தும் விடாமல் தரையைத் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டார். கிரேசியே அன்றைய வெற்றி வீரர். டோக்கியோவில் கிடைக்காத விடை டென்வரில் கிடைத்துவிட்டதாகப் புதுக்கலையின் அபிமானிகள் கொண்டாடினர். ஆனால் அங்கு விதி எழுதியவர்களுள் தலையாயவர் கிரேசியின் தமையன் ரோரியன் என்பதை அவர்களுள் சிலரே நினைத்துப் பார்த்தனர்.

எதிர்ப்பும் எழுந்தது. 1996இல் ஜான் மெக்கெயின் என்னும் செனட்டர் இதனை மனிதச் சேவற்சண்டை என்று கண்டித்து, 50 மாநிலங்களின் ஆளுநர்களுக்கும் கடிதம் எழுதினார். அவரே குத்துச்சண்டையின் பேரபிமானி. தாம் விரும்பும் இரத்தம் வீரம், பிறர் விரும்பும் இரத்தம் காட்டுமிராண்டித்தனம் என்று கருதுவது எல்லா நாட்டாருக்கும் இயல்புதான் போலும். எனினும் அக்கண்டனத்தால் நன்மையே விளைந்தது. தலையால் முட்டுவது முதலிய கொடுமைகளை விலக்கி, எடைப் பிரிவும் சுற்றும் வகுத்துப் பொது விதிகள் எழுதப்பட்டன. 2001இல் வெறும் 20 லட்சம் வெள்ளிக்குக் கைமாறிய யூ.எப்.சி., 2016இல் ஏறத்தாழ 400 கோடி வெள்ளிக்கு விலைபோயிற்று. முன்பு ஹேப்பி வோர்ல்டு கேளிக்கைப் பூங்காவின் ஒரே கூரைக்குக் கீழ் ஓர் இரவு குத்துச்சண்டையும் மற்றோர் இரவு கிங்காங்கின் குஸ்தியும் கண்ட சிங்கப்பூரிலேயே, 2011இல் ‘ஒன் சாம்பியன்ஷிப்’ என்னும் கலப்புச்சண்டை நிறுவனம் தோன்றியது.

அபிமானிகள் ஏன் அப்பக்கம் சாய்ந்தனர்? குத்துச்சண்டையில் பட்டம் வழங்கும் சங்கங்கள் நான்கு. ஒரே எடையில் நான்கு உலக வீரர் இருப்பின், உண்மையான வீரர் எவர்? மேவெதரும் பக்கியாவும் மோத வேண்டுமென்று 2009 முதலே ஜனங்கள் தவங்கிடந்தனர். சண்டை நடந்ததோ 2015இல், இருவரும் உச்சியைக் கடந்த பின். யூ.எப்.சி.யில் எடைக்கு ஒரு பட்டம். ஜனங்கள் எவரோடு எவர் மோத வேண்டுமென விரும்புகின்றனரோ, அவர்களே பெரும்பாலும் மோதுவர்.

அபிமானிக்கு இது மிகவும் இனித்தது. இனிப்பு எங்கிருந்து வந்தது என்பதையே நாம் பார்க்க வேண்டும். குத்துச்சண்டை வீரன், பேர் பெற்றவனாயின், முதலாளிகளோடு பேரம் பேசுவான்; கூலி போதாதெனில் மறுப்பான்; அதனால் சண்டை தாமதப்படும். கலப்புச்சண்டைக்காரனுக்கோ ஒரே முதலாளி. ஒப்பந்தம் அவனைக் கட்டியிருக்கிறது. பந்தயம் நடத்துபவரும் பட்டம் வழங்குபவரும் எதிராளியைப் பொறுக்குபவரும் ஒருவரே. மறுக்க முடியாதவனே குறித்த நாளில் மேடையில் நிற்கிறான். நாம் நினைத்த சண்டை நினைத்தபோது நடக்கிறதென்றால், அதற்குரிய விலையில் ஒரு பகுதியை அவன் செலுத்துகிறான். கங்காணி முறையைக் கேட்டறிந்த தோட்டத்து மக்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

பிரான்சிஸ் எங்கானுவின் கதையைப் பாருங்கள். காமரூன் நாட்டுப் பத்தியே கிராமத்தில் பிறந்து, சிறுவனாகவே மணற்சுரங்கத்தில் கூலிக்கு மண் வாரியவர். அவர் மனத்தில் இருந்தது குத்துச்சண்டை ஒன்றே. மைக் டைசனைப் போல் ஆக வேண்டுமென்பதே கனவு. பாலைவனம் கடந்து, மொரோக்கோவிலிருந்து கடல் தாண்ட முயன்று பலமுறை பிடிபட்டு, ஸ்பெயினில் சிறையிருந்து, 2013இல் பாரிஸ் சேர்ந்தார். தங்க இடமின்றி வண்டி நிறுத்துமிடத்தில் உறங்கினார். கலப்புச்சண்டையில் விரைவில் பிழைக்கலாமென்று அங்கே ஒரு பயிற்சிக்கூடத்தார் சொல்ல, அதில் இறங்கினார். 2021இல் யூ.எப்.சி.யின் பெரு எடைப் பட்டம் அவர் கைக்கு வந்தது.

உலகத்தில் அவரினும் வலிய குத்து இல்லையென்று விளம்பரம் செய்தவர்கள், 2022 ஜனவரியில் பட்டத்தைக் காத்து நின்றதற்கு அவருக்குக் கொடுத்ததாக வெளியான தொகை 6 லட்சம் வெள்ளி. நமக்கு அது பெருந்தொகையே. அந்நிறுவனத்தின் பெட்டியில் விழுந்ததை நோக்கின் சிறுதுளி. சண்டைக்காரர்களுக்கு மருத்துவக் காப்புறுதி வேண்டும், குத்துச்சண்டைக்குப் போக எனக்கு அனுமதி வேண்டும் என்று அவர் கேட்டார். இசைவு ஏற்படவில்லை. 2023 ஜனவரியில் பட்டத்தை விட்டு வெளியேறினார். பைத்தியக்காரன், கெட்டழியப் போகிறான் என்று அபிமானிகள் பலரே ஏசினர்.

அவ்வாண்டு அக்டோபர் 28ஆம் நாள் ரியாத் நகரில், குத்துச்சண்டை உலக வீரர் டைசன் பியூரியின் முன் அவர் நின்றார். குத்துச்சண்டைத் தொழிலில் அதுவே அவருக்கு முதற் போட்டி. மூன்றாம் சுற்றில் எங்கானுவின் இடக்கை பியூரியைத் தரையில் உட்காரவைத்தது. 10 சுற்று முடிவில் நடுவர் மூவருள் இருவர் பியூரிக்கும், ஒருவர் எங்கானுவுக்கும் தீர்ப்பளித்தனர். தோற்றார், ஆயினும் யூ.எப்.சி.யில் ஆண்டுக்கணக்காய் ஈட்டியதைவிட அந்த ஓர் இரவில் அதிகம் ஈட்டினார் என்பர். 2024 மார்ச்சில் அந்தோனி ஜோஷுவா அவரை இரண்டாம் சுற்றிலேயே நினைவிழக்கச் செய்தார். அலையக் காத்திருந்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு கைகொட்டினர். குத்துச்சண்டையே உயர்ந்ததென்று முடிவாகிவிட்டதாம்! மணல் வாரிய கைக்கு உரிய கூலி கிடைத்ததா என்ற பேச்சை இரு திறத்தாருள்ளும் சிலரே எடுத்தனர்.

குத்துச்சண்டை உலகம் புண்ணிய பூமி என்று சொல்ல வந்தேனல்லேன். முதலாளிகள் வீரர்களைக் கொள்ளையிட்ட கதைகள் அதில் மலிந்தவை. அக்கொள்ளை பொறுக்கமுடியாமற் போனமையாலேயே 2000இல் அமெரிக்காவில் முகம்மது அலி குத்துச்சண்டைச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. வீரனுக்காகப் பேரம் பேசும் முகவரும் பந்தயம் நடத்தும் முதலாளியும் ஒரே ஆளாக இருத்தலாகாது. முதலாளி தன் வருவாயை வீரனுக்குக் காட்ட வேண்டும். அவனை நெடுங்காலம் கட்டிவைக்கும் ஒப்பந்தம் செல்லாது என்பன அதன் சாரம். கலப்புச்சண்டைக்காரரை அச்சட்டம் காக்கவில்லை. அவர்கள் 2014இல் நீதிமன்றம் ஏறினர். வழக்கு பத்தாண்டுக்கு மேல் இழுத்தது. முதலிற் பேசிய 33.5 கோடி வெள்ளி உடன்பாட்டை நீதிபதியே ஏற்க மறுத்தார். பின்னர் 37.5 கோடியாக உயர்ந்த உடன்பாடு 2025இல் உறுதியாயிற்று.

அதே 2025இல் யூ.எப்.சி.யின் சொந்தக்காரர்கள் குத்துச்சண்டைப் பந்தயத்திலும் இறங்கினர். அவ்வாண்டு செப்டம்பரில் லாஸ் வேகாஸ் நகரில் நடந்த கனேலோ - கிராபர்ட் போட்டியை ஏற்பாடு செய்தவர்களுள் யூ.எப்.சி.யின் தலைவர் டேனா வைட்டும் ஒருவர். போட்டி நடத்தும் நிறுவனமே பட்டமும் வரிசையும் வகுத்துக்கொள்ள இடந்தரும் புதிய மசோதா ஒன்றும் அமெரிக்கக் காங்கிரசில் வந்தது. சுற்றுக்கு இவ்வளவு என்று குறைந்த கூலியும், மருத்துவக் காப்புறுதியும் அதில் உண்டு. பழைய சட்டத்தின் காவல்கள் அந்நிறுவனங்களுக்குத் தளர்ந்துவிடும் என்று அதை எதிர்ப்போர் கூறினர். அம்மசோதாவுக்கும் முகம்மது அலியின் பெயரே சூட்டப்பட்டிருந்தது.