கப்ப ஹக்க

நியூசிலாந்து ரக்பி வீரர்கள் ஆட்டம் தொடங்குமுன் தொடையில் அறைந்து, நாக்கை நீட்டி முழங்குவதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். நம் பத்திரிகைகள் அதை ‘ஹாக்கா’ என்று எழுதுகின்றன. நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளின் மொழியில் அந்தச் சொல்லில் நெடிலே இல்லை. இரண்டும் குறில்: ஹக்க. அதைப் போர்நடனம் என்று மட்டும் நாம் புரிந்துகொண்டதும் அரைகுறைதான்.

ஹக்க என்றால் ஆட்டம். பொலினீசியத் தீவுகள் பலவற்றில் இதற்கு உறவுச் சொற்கள் உண்டு: தொங்காவில் ஹக்க, ஹவாயில் ஹஅ, சமோவாவில் ஸஅ. மூலச்சொல் ‘ஸக்க’ என்பது மொழியியலாளர் கணிப்பு. மாவோரியில் ஸகரம் ஹகரமாகிவிட்டது. ஆயுதம் ஏந்தி ஆடும் போர் ஆட்டத்துக்குப் பெருபெரு என்று தனிப்பெயர் இருக்கிறது. விருந்தாளியை வரவேற்கவும், இறந்தவருக்கு மரியாதை செய்யவும், பட்டம் வாங்கிய பிள்ளையைக் கொண்டாடவும் ஆடுவது ஹக்க. பெண்களும் ஆடுவார்கள்.

இதன் பிறப்பைச் சொல்லும் கதை எனக்கு மிகவும் பிடித்தது. சூரியனுக்கும் கோடைப்பெண் ஹினேரௌமதிக்கும் பிறந்தவன் தானேரோரே. கொளுத்தும் வெயிலில் தரைக்கு மேலே காற்று நடுங்குகிறதே, நாம் கானல் என்கிறோமே, அது அவன் தாய்க்காக ஆடும் ஆட்டம். ஹக்க ஆடுபவர்களின் விரல்கள் ஒரு நொடிகூட நிற்காமல் துடிப்பது அந்தக் கானலைத்தான் காட்டுகிறது.

‘கப்ப’ என்பது வரிசை, அணி. ஆல் பிளாக்ஸ் எனப்படும் நியூசிலாந்து ரக்பி அணியினர் 2005-இல் ஆடத் தொடங்கிய ‘கப்ப ஓ பங்ஙோ’ என்ற ஹக்கவில் இருப்பதும் இதே சொல்தான், கறுப்பு அணி என்று பொருள். வரிசையில் நின்று ஆடுவது கப்ப ஹக்க. ஆட்டத்தோடு பாட்டும், நூலில் கட்டிய பந்தைச் சுழற்றும் ‘போய்’ ஆட்டமும் இதில் சேரும். 1920-களில் மாவோரி இளவரசி தே புவேயா ஒரு குழுவைத் திரட்டி ஊர் ஊராக நிகழ்ச்சி நடத்தி, தூரங்கவைவை மராய் என்ற மாவோரி சமூகக்கூடத்தைக் கட்டப் பணம் சேர்த்தார். அந்நாளில் இத்தகைய குழுக்களுக்கு ‘கன்சர்ட் பார்ட்டி’ என்ற ஆங்கிலப் பெயரே வழங்கியது. தேசியப் போட்டி 1972-இல் ரொட்டொருவாவில் தொடங்கியது. இன்று அதன் பெயர் தே மதத்தினி.

பள்ளிக்கூடத்துக்கும் மாவோரி மொழிக்கும் உள்ள உறவு வேதனையானது. மாவோரிப் பிள்ளைகளுக்கு இயன்றவரை ஆங்கிலத்திலேயே பாடம் நடத்த வேண்டும் என்றது 1867-ஆம் ஆண்டுச் சட்டம். பிறகு தாய்மொழி பேசியதற்காகவே அடிவாங்கிய தலைமுறைகள் உண்டு. அந்த மொழியை விரட்டிய இடத்திலேயே இன்று கப்ப ஹக்க வழியாக, குடியேறியவர் வீட்டுப் பிள்ளைகளும் அதைப் பாடிக் கற்கிறார்கள். மாவோரி மக்கள் விடாமல் போராடி மீட்டது இது.

ஆக்லாந்தில் என் தங்கை மகள் பள்ளியில் ‘போய்’ ஆட்டம் பழகுகிறாள். அந்தப் பந்து முன்பு ரௌப்போ என்னும் கோரையில் செய்தது, இப்போது பிளாஸ்டிக் பைக்குள் பஞ்சை அடைத்து, கம்பளி நூலைச் சடையாகப் பின்னிக் கட்டியது. நான் வாங்கி முழுக்கையையும் வீசிச் சுழற்றினேன். “அப்படியில்ல பெரியம்மா, மணிக்கட்டு மட்டும்தான் சுத்தணும்” என்று கையைப் பிடித்துத் திருத்தினாள். ‘ஙாத்தி’ என்று ஙகரத்தில் தொடங்கும் குலப்பெயர்கள் அவள் வாயில் சிரமமில்லாமல் வருகின்றன. வீட்டில் ‘ங’ சொல்லிப் பழகிய பிள்ளை அல்லவா! குறிலும் நெடிலும் பொருளை மாற்றும் என்பதையும் அவளுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நியூசிலாந்தில் வாழும் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். கப்ப ஹக்கவுக்குப் பெயர் கேட்டுப் பள்ளியிலிருந்து கடிதம் வந்தால், பரதநாட்டிய வகுப்பும் தமிழ்ப் பள்ளியும் இருக்கின்றனவே என்று ஒதுக்கிவிடாதீர்கள். பெயரைக் கொடுங்கள். பிள்ளை ஆடும் நாளில் நீங்களும் நேரில் போய்ப் பாருங்கள்.