பாசிக்குள் ஒரு பொட்டு

பள்ளியில் கிளாமிடோமோனாஸ் படம் வரைந்தவர்களுக்கு நினைவிருக்கும்: கிண்ணம் மாதிரி பசுங்கணிகம், அதற்குள் ஒரு பொட்டு. பெயர் பைரினாய்டு.

1803-லேயே ஜெனீவாவின் வோஷே இதைப் பார்த்து எழுதிவிட்டார். 1882-ல் ஜெர்மனியின் ஷ்மிட்ஸ் பெயர் வைத்தார். பைரின் என்றால் கிரேக்கத்தில் பழக்கொட்டை. நம்ம ஊர்க் குளம் குட்டைப் பாசிகளை ஆராய்ந்தவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எம்.ஓ.பி. அய்யங்கார் (1886-1963). அவரும் மாணவர் தேசிகாச்சாரியும் எழுதிய ‘வால்வாக்கேல்ஸ்’ நூல் 1981-ல்தான் அச்சானது. இந்த வகைப் பாசிகளை இனம் பிரிக்க, பைரினாய்டு இருக்கா, எத்தனை இருக்கு என்பதும் ஓர் அடையாளம்.

நுண்ணோக்கியில் பொட்டு தெரியும். அதன் வேலை தெரியாது. அது விளங்கியது பிற்பாடுதான். உள்ளே அடைந்திருப்பது ரூபிஸ்கோ என்ற புரதம். கரியமிலவாயுவைப் பிடிப்பது இதுதான். ஆனால் மந்தம், ஆளை மாற்றி ஆக்சிஜனையும் பிடித்துவிடும். தண்ணீரில் கரியமிலவாயு காற்றில் பரவுவதைவிடச் சுமார் 10,000 மடங்கு மெதுவாகவே பரவும். எனவே பாசி பைகார்பனேட்டை உள்ளே இழுத்து, ரூபிஸ்கோ கூட்டத்துக்கு நடுவில் வாயுவாக மாற்றுகிறது. சுற்றிலும் ஸ்டார்ச் உறை, கசிவு குறையும்.

ரூபிஸ்கோக்களை ஒட்டவைக்கும் புரதம் ஈபிக்-1 என்பது 2016-ல் தெரிந்தது. மறு வருடமே இன்னொரு வியப்பு: பைரினாய்டு கொட்டையே இல்லை, எண்ணெய்த் துளி போன்ற திரவம்! செல் பிரியும்போது துளியும் இரண்டாகப் பிரிகிறது.

உலகில் நடக்கும் கரியமிலவாயுப் பிடிப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இந்தத் துளிகளுக்குள்தான். நெல்லுக்கு இந்த வசதி கிடையாது. பயிர்களுக்குள் இதைக் கட்டமுடியுமா என்று இப்போது முயல்கிறார்கள். எங்கள் பரவைக் கண்மாயின் பச்சைத் தண்ணீரில் அது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது.