சிறார் புற்றுநோய், இரத்தநோய் மருத்துவர்: 16 ஆண்டுப் பயிற்சியில் என்ன கற்கிறார்?

19 வயதில் மருத்துவம் படிக்கச் சேரும் ஒரு மாணவர், சிறார் புற்றுநோய்க்கும் இரத்தநோய்க்கும் பொறுப்பேற்றுச் சிகிச்சை அளிக்கும் தகுதியைப் பெறும்போது 35 வயதை எட்டியிருப்பார். மலேசியாவில் மருத்துவப் பட்டப்படிப்பு 5 ஆண்டு. அடுத்து ஹவுஸ்மேன் எனப்படும் பயிற்சி மருத்துவர் பணி 2 ஆண்டு. பிறகு மருத்துவ அதிகாரியாகச் சில காலம். அதன் பின் குழந்தை மருத்துவத்தில் 4 ஆண்டு முதுகலைப் படிப்பு, அல்லது பிரிட்டனின் எம்ஆர்சிபிசிஎச் தேர்வு வழி. இவ்வளவும் முடித்தால் அவர் குழந்தை நல நிபுணர். இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தையின் சிகிச்சையைக் கையிலெடுக்க அது போதாது. அதற்குமேல் பொதுவாக 3 ஆண்டு நீடிக்கும் ஃபெல்லோஷிப், அதாவது துணை நிபுணத்துவப் பயிற்சி தேவைப்படுகிறது.

பெரியவர்களுக்கான புற்றுநோய் நிபுணரே குழந்தைகளையும் பார்க்கலாமே என்று சிலர் கேட்பதுண்டு. நோயே வேறு என்பதுதான் பதில். பெரியவர்களிடம் அதிகம் காணப்படும் நுரையீரல், மார்பக, குடல் புற்றுநோய்கள் குழந்தைகளிடம் மிக அரிது. சிறார்களைத் தாக்குவது பெரும்பாலும் இரத்தப் புற்றுநோய், மூளைக் கட்டி, சிறுநீரகத்தில் வரும் வில்ம்ஸ் கட்டி, கண்ணில் வரும் ரெட்டினோபிளாஸ்டோமா போன்றவை. இவற்றுள் பல மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படும். ஆனால் மருந்து செல்வது வளரும் உடலுக்குள். இன்று உயிரைக் காக்கும் மருந்து, 20 ஆண்டுகளுக்குப் பிறகு இதயத்தையோ குழந்தை பெறும் திறனையோ பாதிக்கலாம். அந்தக் கணக்கையும் சேர்த்துப் போடக் கற்பதுதான் இந்தப் பயிற்சியின் மையம்.

புற்றுநோயும் தாலசீமியா, ஹீமோபிலியா போன்ற இரத்தநோய்களும் ஒரே மருத்துவரிடம் வருவதற்குக் காரணம் உண்டு. வெளிறிய முகத்துடன் வரும் குழந்தைக்கு இரும்புச்சத்துக் குறைவா, தாலசீமியாவா, இரத்தப் புற்றுநோயா என்பதை ஒரே இரத்தத் துளியை நுண்ணோக்கியில் பார்த்துத்தான் பிரித்தறியத் தொடங்க வேண்டும். எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையும் இரு பிரிவுக்கும் பொதுவானது. மலேசியாவில் அந்தச் சிகிச்சை முதன்முதலில் 1987ஆம் ஆண்டு கோலாலம்பூர் பல்கலைக்கழக மருத்துவமனையில் நடந்தது. மலேசியர்களில் ஏறக்குறைய 20 பேரில் ஒருவர் தாலசீமியா மரபணுவைச் சுமப்பவர் என்று கணிக்கப்படுகிறது. 2016 முதல் நான்காம் படிவ மாணவர்களுக்குப் பரிசோதனையும் நடக்கிறது. எனவே இங்கு பயிலும் மருத்துவருக்குப் புற்றுநோய் வார்டு எவ்வளவு முக்கியமோ, மாதந்தோறும் இரத்தம் ஏற்றிக்கொள்ள வரும் பிள்ளைகளின் பகல்நேர வார்டும் அவ்வளவு முக்கியம். ஏற்றும் இரத்தத்தால் உடலில் சேரும் இரும்பை மருந்தால் வெளியேற்றாவிட்டால் இதயம் பழுதாகும்.

பயிற்சியில் கைவேலையும் அதிகம். இடுப்பு எலும்பிலிருந்து மஜ்ஜை எடுப்பது, முதுகுத்தண்டு நீரில் ஊசிவழி மருந்து செலுத்துவது, குழந்தையின் உடல் பரப்பைச் சதுர மீட்டரில் கணக்கிட்டு மருந்தளவு எழுதுவது எல்லாம் அதில் அடங்கும். ஒரு விதி முதல் நாளே மனத்தில் பதிய வேண்டும். வின்கிரிஸ்டின் எனும் மருந்து இரத்தக் குழாய்க்கு மட்டுமே உரியது. தவறி முதுகுத்தண்டில் சென்றால் பெரும்பாலும் உயிரிழப்புதான். வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், இரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் ஒரு மணி நேரத்துக்குள் நோய்க்கிருமி எதிர்ப்பு மருந்து ஏற வேண்டும் என்பது இன்னொரு பாடம். நள்ளிரவில் வரும் தொலைபேசி அழைப்புகள் பல இதற்காகத்தான்.

மருந்தைக் கூட்டக் கற்பதைவிடக் குறைக்கக் கற்பது கடினம். அதற்கு நல்ல சான்று இந்த வட்டாரத்திலேயே உள்ளது. மலாயா பல்கலைக்கழக மருத்துவ மையம், சுபாங் ஜெயா மருத்துவ மையம், சிங்கப்பூரின் கேகே மகளிர், சிறார் மருத்துவமனை, தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை ஆகிய நான்கும் இணைந்து நடத்திய மா-ஸ்போர் 2003 ஆய்வு அது. இரத்தப் புற்றுநோய் கண்ட 556 பிள்ளைகளுக்கு, சிகிச்சைக்குப் பின் மஜ்ஜையில் எத்தனை புற்றணுக்கள் எஞ்சியுள்ளன என்பதை 10,000இல் ஒன்று என்ற நுட்பத்தில் அளந்தார்கள். விரைவாக நோய் மறைந்த பிள்ளைகளுக்கு மருந்தின் கடுமை குறைக்கப்பட்டது. 2012இல் முடிவு வெளியானபோது, அந்தப் பிரிவில் 6 ஆண்டுகளுக்குப் பிறகும் நோய் திரும்பாமல் நலமாக இருந்தோர் சுமார் 93 விழுக்காடு.

இந்த மருந்துகளின் வரலாற்றில் சென்னைக்கும் ஒரு பங்கு இருக்கிறது. 1947இல் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர், இரத்தப் புற்றுநோய்ப் பிள்ளைகளுக்கு அமினோப்டெரின் கொடுத்து முதல் பலன் கண்டார். அந்த மருந்தை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கிய எல்லாப்பிரகட சுப்பாராவ் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர்.

எந்த மருந்தும் பாதியில் நின்றால் பலனில்லை. சிறார் இரத்தப் புற்றுநோய்க்கான சிகிச்சை இரண்டு ஆண்டுக்கு மேல் நீடிக்கும். முதல் மாதத்திலேயே பெரும்பாலான பிள்ளைகளின் இரத்தத்தில் நோய் தெரியாமல் போய்விடும். பிள்ளை ஓடியாடும், சோறு கேட்கும். "நல்லாத்தானே இருக்கான், இன்னும் எதுக்கு ஊசி?" என்று பாட்டி கேட்பது அப்போதுதான். அந்தக் கேள்வியை அதட்டாமல் எதிர்கொள்வதும், குடும்பத்துக்குப் புரியும் மொழியில் பதில் சொல்வதும் பயிற்சியின் பகுதி. ஆங்கிலத்தில் விளக்கி, தகப்பனாரையே மொழிபெயர்க்கச் சொன்னால் கெட்ட செய்தியில் பாதி வழியிலேயே நின்றுவிடும்.

உலகில் ஆண்டுதோறும் சுமார் 4 லட்சம் சிறார்களுக்குப் புற்றுநோய் வருகிறது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். பணக்கார நாடுகளில் 80 விழுக்காட்டுக்கு மேல் குணமாகிறார்கள். பல ஏழை நாடுகளில் 30 விழுக்காட்டுக்கும் கீழ். தாமதமாகக் கண்டறிவது, சிகிச்சையைப் பாதியில் விடுவது, பயிற்சி பெற்றவர் இல்லாதது ஆகியவை முக்கியக் காரணங்கள். 2018இல் தொடங்கிய அதன் திட்டம், 2030க்குள் உலக அளவில் குறைந்தது 60 விழுக்காட்டினர் பிழைக்க வேண்டும் என்று இலக்கு வைத்துள்ளது.

விடாத காய்ச்சல், காரணமில்லாத இரத்தக்கட்டு, எலும்பு வலி, வயிற்று வீக்கம், காலையில் தலைவலியுடன் வாந்தி, புகைப்படத்தில் கண்மணி வெள்ளையாகத் தெரிவது போன்றவை இருந்தால் கிளினிக்கில் நிறுத்தாமல் குழந்தை நல நிபுணரிடம் அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். மலேசியாவில் ஒரு மருத்துவர் எந்தத் துறையில் நிபுணராகப் பதிவு பெற்றவர் என்பதைத் தேசிய நிபுணர் பதிவேட்டின் இணையத்தளத்தில் பெயரைத் தட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.