குடல்வாலுக்குள் ஒரு வாடகைதாரர்

1901-ல், பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் இருந்த இல்யா மெச்னிகோவ் ஒரு விஷயத்தைக் கிளப்பினார். குடல்வால் அழற்சிக்குக் குடலில் இருக்கும் புழுக்கள் காரணமாக இருக்கலாம் என்றார். ஆள் சாதாரணம் இல்லை, 1908-ல் நோபல் வாங்கப்போகிறவர். புழு குடல்வாலின் உள்சுவரைப் புண்ணாக்கும், புண் வழியாகக் கிருமி நுழையும் என்பது அவர் கணக்கு.

அப்போது புதுச்சேரியும் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த ஊர். இங்கிருந்த மருத்துவப் பள்ளியில் பாடம் பிரெஞ்சில்தான். பாரிஸில் யார் என்ன சொன்னார்கள் என்பது இந்த ஊர் வைத்தியத்துக்கு வெறும் வெளிநாட்டுச் செய்தி இல்லை.

இந்தக் குடல்வால் விஷயத்தில் பாரிஸ் ஏற்கெனவே ஒருமுறை சறுக்கியிருந்தது. 1827-லேயே மெலியே என்ற மருத்துவர், வலது அடிவயிற்றுச் சீழுக்குக் குடல்வாலே மூலம் என்று எழுதினார். பெரிய சர்ஜன் துப்புய்த்ரென் அதை ஏற்கவில்லை, பெருங்குடலின் தொடக்கமான பெருங்குடல்வாய்தான் காரணம் என்றார். பெரியவர் சொன்னால் சரியாத்தானே இருக்கும்? அரை நூற்றாண்டுக்கு மேல் போய்விட்டது. 1886-ல் பாஸ்டனைச் சேர்ந்த ரெஜினால்ட் ஃபிட்ஸ் 'அப்பெண்டிசைட்டிஸ்' என்று பெயர் வைத்து, சீக்கிரம் ஆப்பரேஷன் செய்யச் சொன்னபிறகுதான் நிலைமை மாறியது. 1902 ஜூன் 24-ல் ஏழாம் எட்வர்டுக்கே இந்தச் சீழைத் திறந்துவிட வேண்டியிருந்தது. இரண்டு நாள் கழித்து நடக்க இருந்த முடிசூட்டு விழா ஆகஸ்டுக்குத் தள்ளிப்போனது.

இந்த நேரத்தில் புழுவைக் குற்றவாளி ஆக்கியதில் ஓர் ஆபத்து இருந்தது. புழுதான் காரணம் என்றால், கத்தி வைக்கும் முன் பூச்சி மருந்து கொடுத்துப் பார்க்கத் தோன்றும். நம்ம ஊர் வீடுகளில் இது இன்னும் பழகிய யோசனை: "வயித்து வலியா, பூச்சியா இருக்கும், வெளக்கெண்ணெய் குடு." வீங்கிப்போன குடல்வாலுக்கு பேதி மருந்து எமன். 1930-களில் பிலடெல்ஃபியாவில் ஜான் பவர் என்ற சர்ஜன் கணக்கெடுத்தபோது, பேதி மருந்து குடித்துவிட்டு வந்தவர்களே அதிகம் செத்திருந்தார்கள்.

சரி, புழு உண்மையிலேயே குற்றவாளியா? அது நம்ம கீரிப்பூச்சிதான். பெண் புழு 8 முதல் 13 மில்லிமீட்டர், வெள்ளை நூல் துண்டு மாதிரி இருக்கும். முட்டை வாய் வழியாகப் போய், சிறுகுடலில் பொரிந்து, பெருங்குடல்வாயில் குடியிருக்கும். குடல்வாலின் வாசல் அங்கேயே இருக்கிறது. ராத்திரியில் பெண் புழு ஆசனவாய்க்கு வெளியே வந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடும். குழந்தை சொறியும், விரல் வாய்க்குப் போகும், மறுபடி முதலில் இருந்து.

ஆக, வெட்டியெடுத்த குடல்வாலில் புழு கிடப்பதில் ஆச்சரியம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரன் எட்டிப்பார்த்த மாதிரிதான். அறிகுறியோடு எடுக்கப்பட்ட குடல்வால்களில் 0.2 சதவீதத்திலிருந்து 41.8 சதவீதம் வரை புழு கிடைத்ததாக உலகெங்கும் ஆய்வுகள் வந்திருக்கின்றன. இவ்வளவு அகலமான வித்தியாசமே ஓர் எச்சரிக்கை. பல ஆய்வுகளில் புழு கிடைத்த குடல்வாலில் பெரும்பாலானவற்றில் அழற்சியே இல்லை. என் தொழிலில் சொல்வதென்றால், சர்வர் விழுந்த நேரத்து லாகில் ஒரு வரி இருந்தது என்பதால் மட்டும் அந்த வரி காரணமாகிவிடாது. சர்வர் நன்றாக ஓடிய நாளிலும் அதே வரி இருந்ததா என்று பார்க்கணும்.

அதற்காகப் புழுவை நிரபராதி என்று விட்டுவிடவும் முடியாது. அழற்சி இல்லாமலே அது குடல்வால் வலியைப் போலி செய்யும். சில நேரம் வாசலை அடைத்து நிஜ அழற்சியையும் கிளப்பலாம்.

இன்று கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மர், அந்தப் பழைய பிரெஞ்சு மருத்துவப் பள்ளியின் வாரிசு. அங்கேயோ வேறெங்கேயோ ஒரு குழந்தையின் குடல்வாலை எடுத்தபிறகு வரும் நுண்ணோக்கி ரிப்போர்ட்டை வீட்டில் யாராவது முழுசாப் படிக்கணும். தையல் பிரிச்சாச்சு, வேலை முடிஞ்சதுன்னு அதை மூலையில் போட்டுவிடுகிறோம். அதில் புழு என்று இருந்தால், ஆப்பரேஷன் குடல்வாலை மட்டும்தான் எடுத்திருக்கிறது. புழு குடலில் இருக்கும், முட்டை படுக்கையில் இருக்கும், அண்ணன் தங்கச்சி நகத்துக்கடியிலும் இருக்கும். டாக்டரிடம் கேட்டு வீட்டில் எல்லோருக்கும் பூச்சி மருந்து, மருந்து முட்டையைக் கொல்லாது என்பதால் இரண்டு வாரம் கழித்து இன்னொரு தடவை. நகம் வெட்டணும், விரிப்பைத் துவைக்கணும்.

வலது அடிவயிற்றில் வலி வந்தாலோ, முதலில் ஆஸ்பத்திரி. வெளக்கெண்ணெய் அலமாரியிலேயே இருக்கட்டும்.