'ஆஃப்டர்' என்றால் பிறகா?



டப்ளினில் நர்ஸாக இருக்கும் நம் பழைய மாணவி ஒருத்தி போன வாரம் பேசினாள். அங்கே போன புதிதில் வீட்டுக்கார அம்மா, "ஐ'ம் ஆஃப்டர் மேக்கிங் டீ" என்றாராம். பிறகு போடுவார் போலிருக்கிறது என்று இவள் காத்திருந்தாள். டீயோ ஏற்கெனவே போட்டு மேசையில் ஆறிக்கொண்டிருந்தது! "இது நீங்க சொல்லிக்கொடுத்த இங்கிலீஷ் இல்லையே சார்" என்று சிரித்தாள். இல்லைதான். ஆனால் அதற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அயர்லாந்தின் சொந்த மொழி ஐரிஷ். ஒரு வேலையை இப்போதுதான் முடித்தேன் என்பதை அதில் 'செய்ததற்குப் பின் இருக்கிறேன்' என்பதுபோலச் சொல்வார்கள். அந்த அமைப்பை விடாமல், மேலே ஆங்கிலச் சொற்களை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

அவர்கள் விரும்பி மொழி மாறவில்லை. ஆங்கிலேய ஆட்சியில் கோர்ட்டு, வியாபாரம் எல்லாம் ஆங்கிலத்துக்குப் போய்விட்டன. 1831-இல் அரசு தொடங்கிய தேசியப் பள்ளிகளின் பாடத்திட்டத்தில் ஐரிஷுக்கு இடமில்லை. பல ஊர்களில் பிள்ளையின் கழுத்தில் ஒரு குச்சியைக் கட்டிவிடுவார்கள். ஐரிஷில் வாய் திறக்கும்போதெல்லாம் அதில் ஒரு வெட்டு. கடைசியில் வெட்டுகளை எண்ணி அடி. பெற்றவர்களும் இதற்கு உடன்பட்டார்கள் என்பதுதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது. பிள்ளை லண்டனிலோ நியூயார்க்கிலோ பிழைக்க வேண்டுமே!

1845-இல் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பெரும்பஞ்சம் வந்தது. சுமார் 10 லட்சம் பேர் மாண்டார்கள். ஏறக்குறைய அதே அளவு பேர் கப்பலேறினார்கள். இருவகையிலும் ஐரிஷ் பேசிய ஏழைகளே அதிகம். 1851 கணக்கெடுப்பில் அந்த மொழி தெரிந்தவர்கள் நாலில் ஒரு பங்குக்கும் குறைவு.

சொல் போனாலும் பேசும் விதம் போகவில்லை. ஐரிஷில் திட்டுவதை 'வெளியே கொடுப்பது' என்பார்கள். அதனால் அங்கே 'கிவிங் அவுட்' என்றால் திட்டு. ஒருவரை அழைக்க ஒரு சொல், பலரை அழைக்க வேறு சொல் அவர்கள் மொழியில் உண்டு. ஆங்கிலத்தின் ஒற்றை 'யு' போதாமல் பலருக்கு 'யீ' என்றும் 'யூஸ்' என்றும் சொல்லிக்கொள்கிறார்கள். 'இஸ் ஹிம்செல்ஃப் இன்?' என்றால் வீட்டு ஐயா இருக்கிறாரா என்று அர்த்தம். உங்கள் டீச்சரம்மா என் பெயரைச் சொல்லாமல் 'அவர்' என்பாளே, அந்த மாதிரி.

'வாட்ஸ் தி கிராக்?' என்றால் என்ன விசேஷம் என்று விசாரிப்பு. இதில் ஒரு வேடிக்கை: அந்தச் சொல் ஸ்காட்லாந்து, வட இங்கிலாந்துப் பக்கத்துச் சரக்கு. ஐரிஷ்காரர்கள் கடன் வாங்கி, எழுத்தைத் தங்கள் முறைக்கு மாற்றிவிட்டார்கள். இன்று அதுவே அசல் ஐரிஷ் என்று பேர் வாங்கிவிட்டது. சினிமாக்காரர்கள் ஐரிஷ்காரர் வாயில் திணிக்கும் 'டாப் ஆஃப் தி மார்னிங்' வணக்கத்தையோ அங்கே யாரும் நிஜத்தில் சொல்வதில்லையாம்.

பி. டபிள்யூ. ஜாய்ஸ் என்று ஒரு வாத்தியார். டப்ளினில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு முதல்வராக இருந்தவர். 1910-இல் 'இங்கிலீஷ் அஸ் வி ஸ்பீக் இட் இன் அயர்லாந்து' என்ற புத்தகம் வெளியிட்டார். நானாக இருந்தால் சிவப்பு மையில் அடித்திருப்பேன். அவரோ அப்படிப்பட்ட வாக்கியங்களை எல்லாம் சேகரித்து, எது எங்கிருந்து வந்தது என்று எழுதி வைத்தார்.

இன்னொன்று. ஐரிஷ் மொழியில் 'யெஸ்', 'நோ' என்பதற்குத் தனிச்சொல்லே கிடையாது. கேள்வியில் உள்ள வினையையே திருப்பிச் சொல்ல வேண்டும். அதனால்தான் 'டிட் யு ஈட்?' என்று கேட்டால் இன்றும் 'ஐ டிட்' என்கிறார்கள்.

இதைப் படித்தபோது எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் ஞாபகம் வந்தது. 'ஹேவ் யு ஈட்டன்?' என்று கேட்டேன். நம் 'சாப்பிட்டியா? சாப்பிட்டேன்' வழக்கப்படி 'ஈட்டன் சார்' என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். 'யெஸ், ஐ ஹேவ்' என்று 50 தடவை எழுத வைத்தேன். குச்சி கட்டவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அவன் இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறான். படிச்சியா தம்பி? 'ஆமாம் சார்' எல்லாம் வேண்டாம். 'படிச்சேன்' என்று மட்டும் போடு.