‘சரியாயிடும் ஆயா’னு மட்டும் சொல்லிடாதீங்க! - கண் பரிசோதனை முகாமுக்குத் தன்னார்வலராகப் போகிறவர்களுக்கு...

காலை ஆறரை மணிக்கு நான் போனபோதே, கோட்டையூர் பள்ளிக்கூட வாசலில் நாற்பது பேருக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். முகாம் ஒன்பது மணிக்குத்தான். புதுவயலில் இருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தவர்கள், பள்ளத்தூரில் இருந்து பேரன் பைக்கில் வந்தவர்கள்... எல்லார் மடியிலும் ஒரு மஞ்சப்பை. அதற்குள் ஆதார் கார்டு, பத்து வருஷத்து மருந்துச் சீட்டு, கால் உடைந்து நூல் கட்டிய மூக்குக்கண்ணாடி. ரோஜா முத்தையா கண்ணில் பட்ட புத்தகம், நோட்டீஸ் எல்லாத்தையும் சேர்த்துவெச்ச ஊர் ஆச்சே, இந்தப் பழக்கம் இங்கே எல்லாருக்கும் இருக்கும்போலனு நினைச்சுக்கிட்டேன்.

கிறிஸ்தவ மிஷன் மருத்துவமனை ஒன்று நடத்திய இலவசக் கண் பரிசோதனை முகாம் அது. “வரிசையைப் பார்த்துக்கிட்டா போதும்மா” என்று சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அன்றைக்கு நான் ஒரு தப்பு செய்தேன். அதைப் பிறகு சொல்கிறேன். அடுத்து இப்படி ஒரு முகாமுக்கு நீங்க போறதா இருந்தா, முதலில் அங்கே என்ன நடக்கும்னு தெரிஞ்சுக்கோங்க.

இது சிகிச்சை நாள் இல்லை!

பரிசோதனை நாளில் யாருக்கும் ஆபரேஷன் நடக்காது. யாருக்கு ஆபரேஷன் செய்தால் பார்வை வரும், யாருக்குக் கண்ணாடி போதும், யாருக்கு இந்த முகாமால் ஒன்றும் செய்ய முடியாது என்று பிரிக்கிற நாள் அது. உலகம் முழுக்க இதுதான் கதை. 1978-ல் தொடங்கப்பட்ட ‘மெர்ஸி ஷிப்ஸ்’ என்ற கிறிஸ்தவத் தொண்டு நிறுவனம், கப்பலையே மருத்துவமனையாக்கி ஆப்பிரிக்கத் துறைமுகங்களில் இலவச அறுவை சிகிச்சை செய்கிறது. அங்கே வேலை பார்க்கிற தன்னார்வலர்கள் தங்குற செலவைக்கூட தங்கள் கைக்காசில்தான் கொடுக்கிறார்கள். அவர்களின் பரிசோதனை நாட்களில் ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்றிருக்கிறார்கள். கப்பலில் இருக்கிற படுக்கைகளோ சில நூறுகூடத் தேறாது. ‘இல்லை’ என்ற பதிலோடு திரும்பியவர்கள்தான் அதிகம்.

நம்ம ஊரில் இந்த வேலைக்கு நூறு வருஷத்துக்கு மேல் வயசு. அமெரிக்காவில் மருத்துவம் படித்துவிட்டு 1900-ல் திரும்பிவந்து வேலூரில் வேலையைத் தொடங்கிய ஐடா ஸ்கடர், 1909-ல் ஒரு பெஷோ கார் கிடைத்ததும் வாரம் ஒருநாள் குடியாத்தம் சாலையில் கிளம்பிவிடுவார். மரத்தடிதான் மருத்துவமனை. பிற்பாடு கண் முகாம்கள் வந்தபோது, பள்ளிக்கூடங்களிலும் சத்திரங்களிலும் மேஜை போட்டு அங்கேயே அறுவை சிகிச்சையும் நடந்தது. கிருமித்தொற்று பயத்தால் அந்த முறை கைவிடப்பட்டது. இப்போது முகாமில் பரிசோதனை மட்டும்தான். தேர்வானவர்களை பஸ்ஸில் ஏற்றி மருத்துவமனைக்கு அழைத்துப்போய், ஆபரேஷன் முடித்து, திரும்பக் கொண்டுவந்து விடுகிறார்கள். 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு டாக்டர் வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இந்த முறையைப் பெரிய அளவில் நடத்திக்காட்டியது.

டேபிள் டேபிளாக...

முதல் டேபிள், பதிவு. பெயர், வயது, ஊர், போன் நம்பர். சாதாரண வேலைனு நினைக்காதீங்க. பல பேருக்குச் சொந்த போன் கிடையாது. மகன் நம்பரைச் சொல்வார்கள், மகன் சிங்கப்பூரில் இருப்பார். ஆபரேஷன் தேதி சொல்லக் கூப்பிட்டால் யார் எடுப்பது? அதனால் பக்கத்து வீடு, பெட்டிக்கடை என்று உள்ளூரில் இருக்கிற இரண்டாவது நம்பர் ஒன்றையும் கேட்டு வாங்கிடுங்க. எங்க பக்கம் யாரை ஆச்சி, யாரை அப்பத்தா, யாரை ஆயானு கூப்பிடணும் என்பதே தனிப் பாடம். சந்தேகம் வந்தால் ‘அம்மா’ போதும், யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க.

அடுத்தது பார்வை அளவு. 6 மீட்டர் தூரத்தில் ‘ஈ’ எழுத்து அட்டை இருக்கும். எழுத்தின் வாய் எந்தப் பக்கம் திறந்திருக்கிறதோ, அந்தப் பக்கம் விரலைக் காட்டணும். படிக்கத் தெரிய வேண்டியதில்லை. இங்கே இரண்டு விஷயங்களைக் கவனிங்க. மூடின கண்ணின் விரலிடுக்கு வழியாக எட்டிப் பார்ப்பார்கள். வரிசையில் நிற்கும்போதே முன்னால் இருக்கிறவர் காட்டியதை மனப்பாடம் செய்துகொள்வார்கள். ஏமாத்தணும்னு இல்லை, பரீட்சையில் தோத்துடக் கூடாதுனு ஒரு பயம். “தெரியலைன்னா தெரியலைனு சொல்லுங்கய்யா, அதுதான் சரியான பதில்” என்று சொல்லிப் பாருங்க, முகமே மாறும்.

பிறகு கண் அழுத்தம் பார்ப்பார்கள். கண்ணீர்ப் பையில் சீழ் இருக்கிறதா என்று மூக்கோரம் அழுத்திப் பார்ப்பார்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை. சிலருக்குப் பாப்பாவை விரிக்க சொட்டு மருந்து விடுவார்கள். அவர்களுக்குச் சில மணி நேரம் எல்லாமே மங்கலாகத் தெரியும். அந்த நேரத்தில் கையைப் பிடித்துக் கூட்டிப்போவதுதான் உங்க முக்கிய வேலை. முன்னால் நடந்து இழுக்காதீங்க. உங்க முழங்கைக்கு மேலே அவங்களைப் பிடிச்சுக்கச் சொல்லி, அரை அடி முன்னால் நடங்க. படி வந்தால் சொல்லுங்க. சொட்டு விட்டவரை யாரும் டூ வீலர் ஓட்டவிடக் கூடாது.

சர்க்கரையும் பிரஷரும் அதிகமாக இருந்தால் ஆபரேஷன் தள்ளிப்போகும். ‘டெஸ்ட்னா வெறும் வயித்துலதான் வரணும்’னு நினைச்சு, மாத்திரையும் போடாமல், சாப்பிடாமல் வந்து மயங்கினவர்களைப் பார்த்தேன். முந்தின நாள் தெருவில் நோட்டீஸ் கொடுக்கும்போதே, “சாப்பிட்டுட்டு, மாத்திரை போட்டுட்டு வாங்க” என்று வாயாலும் சொல்லிடுங்க.

கடைசி டேபிள்

என் தப்புக்கு வருகிறேன். வரிசையில் ஓர் ஆயா என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். “எனக்குப் பார்வை வந்துருமாத்தா?” என்று கேட்டார். நான் கொஞ்சமும் யோசிக்கலை. “ஆபரேஷன் பண்ணிட்டா ஊசியில நூலே கோக்கலாம் ஆயா” என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் எனக்கும் பெருமை.

அவருக்கு இருந்தது புரை இல்லை, க்ளாக்கோமா. கண்ணின் நரம்பு இரண்டு பக்கமும் பாதிக்கப்பட்டிருந்தது. புரை என்றால் மங்கிய லென்ஸை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைக்கலாம், பார்வை திரும்பும். க்ளாக்கோமாவில் போன பார்வை போனதுதான். மிச்சம் இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம். டாக்டர் இதைப் பொறுமையாகத்தான் சொன்னார். ஆயா டாக்டரைப் பார்க்கவில்லை. என் குரல் வந்த பக்கம் திரும்பி, “நீதானத்தா சொன்ன?” என்றார்.

எனக்கு நாக்கு எழவில்லை. கடைசி டேபிளில் இருந்த சிஸ்டர்தான் அவர் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். “ஆபரேஷன் இல்லம்மா. ஆனா இப்ப தெரியுற வெளிச்சம் போயிடாமப் பார்த்துக்கலாம். அதுக்கு மருந்து இருக்கு” என்றார். சொட்டு மருந்தை எப்படி விடுவது என்று கையில் கொடுத்துப் பழக்கினார். தினமும் ராத்திரி படுக்கும் முன்னால் என்று எழுதாமல், சீட்டில் நிலா படம் போட்டார். கூட வந்த மகளிடம், “இது குடும்பத்துல வரக்கூடியது. நீங்களும் இப்பவே பாருங்க” என்று சொல்லி அவரையும் வரிசையில் நிறுத்தினார். பத்து நிமிஷம் ஆகியிருக்கும். தேர்வானவர்களுக்கு ஆன நேரத்தைவிட அதிகம்.

வரிசையில் கேள்வி வந்தால், “டாக்டர் பார்த்துட்டுச் சொல்லுவாங்க ஆயா, நான் கூடவே இருக்கேன்” என்பதோடு நிறுத்திக்கோங்க. அடுத்த வாக்கியம் உங்களுடையது இல்லை. ‘இல்லை’ என்று கேட்டவர் கையில் ஒரு சீட்டு, போகவேண்டிய இடம், கூப்பிட ஒரு நம்பர்... இந்த மூன்றும் இருக்கிறதா என்று வாசலில் நின்று பாருங்க. தோலில் உணர்ச்சியில்லாத தேமல் தெரிந்தால்கூட அலட்சியமாக விடாதீங்க. அதைப் பார்க்க நம்ம மாவட்டத்திலேயே மானாமதுரை பக்கம் தயாபுரத்தில் தொழுநோய் மிஷன் மருத்துவமனை இருக்கிறது.

முகாமுக்குக் காத்திருக்கவே கூடாத ஆட்களும் உண்டு. புதுவயல் ரைஸ் மில்லில் வேலை பார்க்கிறவர் கண்ணில் உமி குத்தி, சிவந்து, வலித்தால் அது கருவிழிப் புண்ணாகலாம். நாலு நாள் தள்ளினால் கண்ணே போகலாம். அதே மாதிரிதான் ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியவரும். வலி, சிவப்பு, பார்வை குறைவது எதுவாக இருந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போகணும். 2008-ல் விழுப்புரம் மாவட்டத்தில் ஓர் இலவச முகாம் வழியாக ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் 60-க்கும் மேற்பட்டவர்கள் பார்வை இழந்ததை மறக்க முடியாது. ‘இலவசம்தானே’ என்று கேள்வி கேட்கத் தயங்குகிறவர்களுக்காகக் கேட்பதும் தன்னார்வலர் வேலைதான்.

சில சந்தேகங்கள்... கிறிஸ்தவராக இருக்கணுமா? எங்க குழுவில் பாதிப் பேர் திருநீறு வெச்சிருந்தாங்க. காலையில் சின்னதாக ஜெபம் செய்தார்கள். விருப்பமில்லாதவர்கள் அமைதியாக நின்றோம். நோயாளியிடம் மதம் பேசக் கூடாது என்பது முதலிலேயே சொல்லப்பட்ட விதி. எங்காவது பேசினால் நீங்க கிளம்பி வந்துடலாம். போட்டோ? கண்ணில் பஞ்சு வெச்சு உட்கார்ந்திருக்கிற தாத்தாவோட செல்ஃபி வேண்டாம். அவருக்கு யார் எடுக்கிறாங்கன்னே தெரியாது.

ஒரு மாதம் கழித்து, அந்த ஆயா கொடுத்த நம்பருக்குப் போன் செய்தேன். பெட்டிக்கடைக்காரர் ஓடிப்போய்க் கூட்டிவந்தார். “மருந்து தவறாம விடுறேன்த்தா. ஆனா பாட்டிலு பத்து நாள்ல தீந்துருது” என்றார். விசாரித்தால், நல்லா வேலை செய்யட்டும்னு கண்ணுக்கு மூணு சொட்டு விட்டிருக்கிறார்.

“ஒரு சொட்டுதான் ஆயா.”

“ஒண்ணு போதுமா? இந்தத் தடவை டாக்டரைக் கேட்டுத்தான சொல்ற?”