பாட்டில் இல்லாததைக் கேட்ட காதுகள்

பாடலை எழுதியவர் ஒரு பொருளை மனத்தில் வைத்து எழுதுகிறார். கேட்பவர் அதில் வேறொரு பொருளைக் கண்டுபிடிக்கிறார். இது எல்லா மொழியிலும் உள்ள வழக்கம்தான். ஆனால் மேல்நாடுகளில் ராக் இசை கொடிகட்டிப் பறந்த 1960, 1970-ஆம் ஆண்டுகளில் இந்தத் தேடல் ரசிகர்களுக்கு ஒரு பெரிய பொழுதுபோக்காகவே ஆகிவிட்டது. கல்லூரி விடுதிகளில் மாணவர்கள் விடிய விடிய உட்கார்ந்து வாதாடினார்கள். இசைத்தட்டைக் கையால் பின்னோக்கிச் சுழற்றிக் கேட்டார்கள். அட்டைப் படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள்.

விளையாட்டாகத் தொடங்கிய இந்த விவாதம் காவல் துறை வரைக்கும், நீதிமன்றம் வரைக்கும் போனது. ஓரிடத்தில் உயிர்ப்பலியிலும் போய் முடிந்தது. இந்த வரலாற்றைத் திரும்பிப் பார்க்கும்போது, "பாட்டுக்குள் என்ன ஒளிந்திருக்கிறது?" என்பதை விட, "இப்படிக் கேள் என்று முதலில் காதில் ஓதியவர் யார்?" என்ற கேள்விதான் பெரிதாகத் தெரிகிறது.

காவல் துறை கேட்ட பாடல்

1963-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் கிங்ஸ்மென் என்ற இளைஞர் குழு 'லூயி லூயி' என்ற பாடலைப் பதிவு செய்தது. ரிச்சர்ட் பெர்ரி என்பவர் எழுதி 1957-இல் வெளியிட்ட பாடல் அது. ஊரில் காத்திருக்கும் காதலியை நினைத்து ஒரு கப்பலோட்டி மதுக்கடைப் பணியாளரிடம் புலம்புகிறான். அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் பதிவுக்கூடத்தில் ஒலிவாங்கி மிக உயரத்தில் தொங்கியது. பாடகர் அண்ணாந்து கத்த வேண்டியிருந்தது. சொற்கள் குழறிப் போயின. புரியாத இடங்களில் ஆபாசமான சொற்கள் இருப்பதாக மாணவர்களிடையே வதந்தி கிளம்பியது. "உண்மையான வரிகள்" என்ற பெயரில் ஆளுக்கொரு தாளைக் கைமாற்றினார்கள். தாளைப் படித்துவிட்டுப் பாட்டைக் கேட்டவர்களுக்கு, தாளில் இருந்ததே காதிலும் விழுந்தது.

1964-இல் பெற்றோரிடமிருந்து அமெரிக்கத் தலைமைச் சட்ட அதிகாரி ராபர்ட் கென்னடிக்குப் புகார்க் கடிதம் போனது. இந்தியானா மாநில ஆளுநர் இந்தப் பாடலை ஒலிபரப்ப வேண்டாம் என்று வானொலி நிலையங்களைக் கேட்டுக்கொண்டார். எஃப்.பி.ஐ. என்னும் மத்தியப் புலனாய்வுத் துறை விசாரணையில் இறங்கியது. வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் இசைத்தட்டைப் போட்டுக் கேட்டார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இழுத்த விசாரணையில் அவர்கள் கண்ட முடிவு, எந்த வேகத்தில் கேட்டாலும் வரிகள் புரியவில்லை என்பதே! பாடலின் அசல் வரிகளோ பதிப்புரிமை அலுவலகத்தில் முன்பே பதிவாகியிருந்தன. பாடிய இளைஞரிடம் நேரில் போய் விசாரிக்கவும் இல்லை என்பது குறிப்பிடத்தக்கது.

லெனன் போட்ட புதிர்

பீட்டல்ஸ் குழுவின் ஜான் லெனனுக்கு இந்த ஆராய்ச்சிகள் வேடிக்கையாகவும் இருந்தன, எரிச்சலையும் மூட்டின. 1967-இல் அவர் படித்த லிவர்பூல் பள்ளியிலிருந்து ஒரு மாணவனின் கடிதம் வந்தது. வகுப்பில் ஆசிரியர் பீட்டல்ஸ் பாடல்களைப் பிரித்துப் பிரித்து விளக்கம் சொல்லச் சொல்கிறார் என்று அவன் எழுதியிருந்தான். அதைப் படித்த லெனன், எவராலும் பொருள் சொல்ல முடியாதபடி ஒரு பாடலை வேண்டுமென்றே குழப்பி எழுதினார். அதுதான் 'ஐ ஆம் தி வால்ரஸ்'. வால்ரஸ் என்பது நீண்ட தந்தங்கள் உடைய ஒரு கடல் விலங்கு. சிறுவர் கதை எழுதிய லூயிஸ் கேரலின் கவிதையிலிருந்து அதை எடுத்துக்கொண்டார்.

ரசிகர்கள் விடுவார்களா? வால்ரஸ் யார் என்று பெரிய விவாதம் நடந்தது. மறு ஆண்டே லெனன் 'கிளாஸ் ஆனியன்' என்ற பாடலில் அவர்களைக் கிண்டல் செய்தார். வால்ரஸ் தம் குழுவைச் சேர்ந்த பால் மெக்கார்ட்னிதான் என்று ஒரு துப்பையும் சும்மா தூவி வைத்தார். கிண்டலாகச் சொன்ன அந்தத் துப்பையே ரசிகர்கள் சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள்.

'லூசி இன் தி ஸ்கை வித் டைமண்ட்ஸ்' பாடலுக்கும் இதே கதிதான். தலைப்பின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் எல்.எஸ்.டி. என்ற போதைப்பொருளின் பெயர் வருகிறது என்றார்கள். தம் சிறு மகன் ஜூலியன் பள்ளித் தோழி ஒருத்தியை வரைந்து கொண்டுவந்த படமே அந்தத் தலைப்பைக் கொடுத்தது என்று லெனன் பல முறை சொன்னார். நம்பியவர்கள் குறைவு.

இறக்காதவருக்கு இறுதிச் சடங்கு

1969-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ஆம் நாள். டெட்ராய்ட் நகர வானொலி ஒன்றில் ரஸ் கிப் என்ற அறிவிப்பாளர் நேயர்களோடு பேசிக்கொண்டிருந்தார். தொலைபேசியில் வந்த ஓர் இளைஞர், பால் மெக்கார்ட்னி இறந்துவிட்டார் என்றும், 'ரெவல்யூஷன் 9' பாடலைப் பின்னோக்கி ஓட்டினால் உண்மை தெரியும் என்றும் சொன்னார். ஓட்டிப் பார்த்தார்கள். இறந்த மனிதர் ஒருவரைப் பற்றி ஏதோ சொல்வது போலக் கேட்டது. தொலைபேசி ஓயாமல் ஒலிக்கத் தொடங்கியது.

இரண்டு நாள் கழித்து மிச்சிகன் பல்கலைக்கழக மாணவர் நாளிதழில் ஃபிரெட் லபூர் என்ற மாணவர் 'அபே ரோடு' இசைத்தட்டுக்கு விமர்சனம் எழுதினார். விமர்சனம் என்ற பெயரில் முழு மரணக் கதையையே கட்டிவிட்டார். 1966-இல் நடந்த கார் விபத்தில் பால் இறந்தாராம். வில்லியம் கேம்பல் என்ற சாயல் ஒத்த ஒருவரை அந்த இடத்தில் வைத்தார்களாம். அந்தப் பெயர் முதற்கொண்டு பல துப்புகள் லபூரின் சொந்தக் கற்பனை.

பின்னர் 'அபே ரோடு' அட்டைப் படமே சாட்சிக் கூண்டில் ஏறியது. நால்வரும் சாலையைக் கடக்கிறார்கள். வெள்ளை உடையில் லெனன் பாதிரியாராம். கறுப்பு உடையில் ரிங்கோ ஸ்டார் சவ அடக்கம் செய்பவராம். முரட்டுத் துணி அணிந்த ஜார்ஜ் ஹாரிசன் குழி தோண்டுபவராம். பாலின் காலில் செருப்பு இல்லை, எனவே அவர்தான் பிணமாம்! ஓரத்தில் நின்ற காரின் எண் பலகையில் 28 என்ற எண்ணும், "இருந்திருந்தால்" என்ற பொருள் தரும் இரண்டு ஆங்கில எழுத்துகளும் இருந்தன. பால் உயிரோடு இருந்திருந்தால் வயது 28 என்றார்கள். 1942 ஜூனில் பிறந்தவருக்கு அப்போது 27 தானே என்று கேட்டால், கருவில் இருந்த காலத்தையும் சேர்க்க வேண்டும் என்று பதில் வந்தது. அன்று வெயில் கடுமை, அதனால் செருப்பைக் கழற்றினேன் என்று பால் சொன்ன எளிய காரணம் எடுபடவில்லை.

இந்தக் கட்டத்தில் தொலைக்காட்சியும் உள்ளே வந்தது. புகழ்பெற்ற வழக்கறிஞர் எஃப். லீ பெய்லியை வைத்து, பால் இறந்தாரா இல்லையா என்று ஒரு போலி விசாரணையை 1969 நவம்பரில் ஒளிபரப்பினார்கள். சாட்சியாக அழைக்கப்பட்ட லபூர், எல்லாம் தாம் இட்டுக்கட்டியது என்று பதிவுக்கு முன்பே பெய்லியிடம் சொல்லிவிட்டார். ஒரு மணி நேர நிகழ்ச்சியை நடத்தியாக வேண்டும், ஒத்துழையுங்கள் என்பதே பதிலாக வந்தது. பொய் என்று தெரிந்த பிறகும் நிகழ்ச்சி நடந்தது. ஒலிவாங்கியைப் பிடிக்கும் ஒவ்வொருவரும் மறக்கக் கூடாத இடம் இது.

'லைஃப்' இதழ் ஸ்காட்லாந்துப் பண்ணைக்கே ஆளனுப்பி, குடும்பத்தோடு நிற்கும் பாலின் படத்தை அந்த நவம்பர் மாதம் அட்டையில் போட்டது. வதந்தி தணிந்தது, ஆனால் சாகவில்லை. அந்த அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் பின்பக்கத்துக் கார் விளம்பரம் பாலின் மேல் தெரிகிறது, இதுவும் ஒரு துப்பு என்றார்கள் சிலர்! 1993-இல் பால் அதே சாலையில் நின்று படம் எடுத்து, தாம் உயிரோடு இருப்பதாகப் பொருள்படும் தலைப்பில் ஓர் இசைத்தொகுப்பை வெளியிட்டார். காரின் எண் பலகையில் இம்முறை 51 என்று தம் அப்போதைய வயதைப் போட்டுச் சிரித்துக்கொண்டார்.

விளையாட்டு வினையானது

எல்லாரும் சிரித்துவிட்டுப் போகவில்லை. 1968 நவம்பரில் வெளிவந்த பீட்டல்ஸின் வெள்ளை அட்டை இசைத்தொகுப்பை, கலிஃபோர்னியாவில் சார்லஸ் மேன்சன் என்பவன் தன் சீடர்களோடு திரும்பத் திரும்பக் கேட்டான். அதில் 'ஹெல்டர் ஸ்கெல்டர்' என்று ஒரு பாடல். பிரிட்டனின் கேளிக்கைப் பூங்காக்களில் பிள்ளைகள் சுற்றிச் சுற்றிச் சறுக்கி இறங்கும் கோபுரத்தின் பெயர் அது. முடிந்த மட்டும் இரைச்சலாக ஒரு பாட்டுப் போட வேண்டும் என்ற ஆசையில் பால் எழுதியது.

மேன்சனோ, கறுப்பர்களுக்கும் வெள்ளையர்களுக்கும் இடையே வரப்போகும் பெரும் போரைப் பற்றி பீட்டல்ஸ் தனக்குச் சொல்லும் இரகசியச் செய்தி என்று சீடர்களை நம்ப வைத்தான். 1969 ஆகஸ்டில் இரண்டு இரவுகளில் ஏழு பேர் கொல்லப்பட்டார்கள். ஒரு வீட்டின் குளிர்சாதனப் பெட்டியில் அந்தப் பாடலின் பெயர் எழுத்துப் பிழையோடு இரத்தத்தால் எழுதப்பட்டிருந்தது. மேன்சனும் சீடர்களும் 1971-இல் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. பாடல் மாறவில்லை. இலட்சக் கணக்கானோர் கேட்ட அதே பாடல்தான். எப்படிக் கேட்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்த வாய்தான் வேறு.

கூண்டில் ஏறிய இசைக்குழு

1985 டிசம்பரில் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் இரண்டு இளைஞர்கள் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார்கள். ஒருவர் அங்கேயே இறந்தார். மற்றவர் படுகாயத்தோடு பிழைத்து, 1988-இல் இறந்தார். அன்று அவர்கள் ஜூடாஸ் பிரீஸ்ட் குழுவின் 1978-ஆம் ஆண்டு இசைத்தட்டைக் கேட்டிருந்தார்கள். அதில் "செய்" என்று தூண்டும் சொல் காதுக்குத் தெரியாதபடி புதைக்கப்பட்டுள்ளது என்று குடும்பத்தினர் வழக்குத் தொடுத்தார்கள்.

1990-இல் ரீனோ நகரில் விசாரணை நடந்தது. பாடகர் ராப் ஹால்ஃபோர்டு தம் பாடல்களைத் தாமே பின்னோக்கி ஓட்டிக் கேட்டார். நாற்காலி உடைந்துவிட்டது என்று ஒரு பிள்ளை தாயிடம் சொல்வது போன்ற அபத்தமான தொடர்களெல்லாம் அதில் கேட்பதை எடுத்துக்காட்டினார். கிட்டார் ஒலியும் பாடகர் மூச்சு விடும் ஒலியும் தற்செயலாகச் சேர்ந்து அப்படிக் கேட்கிறது, வேண்டுமென்று வைத்தது அல்ல என்று நீதிபதி தீர்ப்பளித்து, இசைக்குழுவைப் பொறுப்பிலிருந்து விடுவித்தார்.

பிள்ளையை இழந்த பெற்றோர் ஒரு காரணம் தேடியதை எவரும் குறை சொல்ல முடியாது. ஆனால் பாட்டின் மேல் பழியைப் போட்டுவிட்டால், அந்த இளைஞர்களின் வாழ்க்கையில் என்ன துயரம் இருந்தது என்ற கேள்வியைக் கேட்க ஆளில்லாமல் போய்விடும். மறைபொருள் தேடலில் உள்ள பெரிய ஆபத்து இதுதான்.

சோதனை சொன்ன விடை

இதற்கு விஞ்ஞானம் விடை சொல்லியிருக்கிறது. கனடாவின் லெத்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் வோகி, டான் ரீட் என்ற இரு உளவியல் அறிஞர்கள் 1985-இல் தங்கள் ஆய்வை வெளியிட்டார்கள். விவிலியத்தின் 23-ஆம் சங்கீதம் உள்ளிட்ட பகுதிகளைப் பதிவு செய்து பின்னோக்கி ஒலிக்கச் செய்தார்கள். கேட்டவர்களால் அதன் பொருளைக் கண்டுபிடிக்க முடியவில்லை. பக்திப் பகுதியா, விளம்பரமா, குழந்தைப் பாட்டா என்று வகை பிரிக்கவும் முடியவில்லை; குத்துமதிப்பாகச் சொல்வதற்கு மேல் தேறவில்லை. ஆனால் "இந்த இடத்தில் இன்ன சொல் வருகிறது, கவனியுங்கள்" என்று முன்கூட்டியே சொன்னதும் கேட்டவர்களுக்கு அது தெளிவாகக் கேட்டது. தாளைப் படித்துவிட்டு 'லூயி லூயி' கேட்ட மாணவர்களுக்கு நடந்ததும் இதுவே. காது வெறும் வாசல். உள்ளே இருந்து கேட்பது மனம்.

பேசட்டும், ஆனால்...

இப்படியென்றால் பாட்டுக்குப் பொருள் தேடுவதே தவறா? இல்லவே இல்லை. டான் மெக்லீன் 1971-இல் வெளியிட்ட 'அமெரிக்கன் பை' எட்டு நிமிடத்துக்கு மேல் நீளும் பாடல். 1959 பிப்ரவரி 3-ஆம் நாள் விமான விபத்தில் பட்டி ஹாலி, ரிச்சி வாலன்ஸ், 'பிக் பாப்பர்' என்ற ஜே.பி. ரிச்சர்ட்சன் ஆகிய மூன்று இசைக் கலைஞர்கள் இறந்த துயரத்திலிருந்து பிறந்தது. அதில் வரும் அரசன் யார், கோமாளி யார் என்று ரசிகர்கள் அரை நூற்றாண்டாக வாதாடுகிறார்கள். பாப் டிலன் என்பார் ஒருவர், எல்விஸ் என்பார் இன்னொருவர். மெக்லீன் நெடுங்காலம் வாய் திறக்கவில்லை. இந்தப் பாட்டுக்குப் பொருள், தாம் இனி உழைத்துச் சாப்பிட வேண்டியதில்லை என்பதே என்று வேடிக்கையாகச் சொல்வார். அவரது கையெழுத்துப் பிரதி 2015-இல் நியூயார்க் ஏலத்தில் 12 இலட்சம் அமெரிக்க டாலருக்குப் போனது. இந்த வாதத்தால் எவருக்கும் கெடுதல் இல்லை. மாறாக, அந்தக் காலத்து அமெரிக்க வரலாற்றையே பலர் இதனால் கற்றுக்கொண்டார்கள்.

வேறுபாடு எங்கே இருக்கிறது? "எனக்கு இப்படித் தோன்றுகிறது" என்று ஒருவர் சொல்லும்வரை அது இரசனை. "இதுதான் உண்மை, மறைக்கிறார்கள்" என்று சொல்லத் தொடங்கும்போது அது குற்றச்சாட்டு. குற்றச்சாட்டு என்றால் ஆதாரம் வேண்டும். எழுதியவரைக் கேட்டார்களா, அசல் வரியைப் பார்த்தார்களா, முதலில் சொன்னவருக்கு எப்படித் தெரியும் என்று விசாரிக்க வேண்டும். அன்று ஒரு தாளும் ஒரு தொலைபேசி அழைப்பும் செய்த வேலையை இன்று கைத்தொலைபேசி நொடிப் பொழுதில் செய்துவிடுகிறது. இனி யாராவது ஒரு துண்டு ஒலிப்பதிவை அனுப்பி, "உற்றுக் கேளுங்கள், இப்படித்தான் சொல்கிறார்" என்று எழுதியிருந்தால், எழுதியதைப் படிப்பதற்கு முன் ஒருமுறை கேட்டுப் பார்ப்பது நல்லது.